வந்தது வேறு வியாதிக்கு, தெரிந்தது இரத்த அழுத்தம்



ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் பத்துக் கட்டில்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டிலில் சாரத்திலிருந்து தவறி விழுந்து கால் எலும்பு முறிந்தவர். அடுத்ததில் குடலிறக்கத்திற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வந்தவர். அதற்கடுத்து விடாத காய்ச்சல், பித்தப்பைக் கல், காலில் ஆறாத புண், மூச்சிரைப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வியாதி. ஒருவர்கூட இரத்த அழுத்தத்திற்காக வந்தவர் அல்லர். இந்தப் பத்துப் பேரில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? ஒருவர், மிஞ்சினால் இருவர் என்பீர்கள்.

உள்நோயாளிகளிடையே நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை தரும் விடை வேறு. நூற்றுக்கு 50 முதல் 72 பேர் வரை உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களே என்கிறது அது. அதாவது, நம் பத்துக் கட்டில்களில் ஐந்து முதல் ஏழு! அவர்களில் பலருக்கு வீடு திரும்பும் நாளிலும் அழுத்தம் குறைந்திருக்கவில்லை என்றும் அக்கட்டுரை கூறுகிறது. நம் நாட்டு வார்டுகளில் இளவயதினர் மிகுதி. ஆகவே எண்ணிக்கை சற்று மாறலாம். ஆனாலும் மருத்துவமனைக்கு உள்ளே இருப்போரிடம், வெளியே இருப்போரைவிட, இந்நோய் மிக அதிகம் என்பதில் ஐயமில்லை.

வெளியே இருப்போரிடமும் அது குறைவாக இல்லை. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்தியா முழுவதும் பெண்களில் 21 விழுக்காட்டினரும் ஆண்களில் 24 விழுக்காட்டினரும் உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள், அல்லது அதற்கு மருந்து உண்பவர்கள். தமிழ்நாட்டில் பெண்களில் ஏறத்தாழ 25, ஆண்களில் 30 விழுக்காடு. நாம் பிழைக்க வந்திருக்கும் கேரளத்திலோ பெண்களில் 31, ஆண்களில் 33 விழுக்காடு. முதியோர் மிகுந்த மாநிலம் என்பது இதற்கு ஒரு காரணம்.

இதைவிடக் கவலைக்குரிய எண் ஒன்று உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கேரளம் முழுவதும் 12 ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அந்த மூவருள் எத்தனை பேர் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள்? நோயுள்ளவர்களில் எட்டில் ஒருவர் மட்டுமே. எழுத்தறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்தின் கதை இது.

வைட்டிலா வழியே செல்கிறவர்கள்

எர்ணாகுளத்தில் வாழும் தமிழருக்கு வைட்டிலாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ‘வயல்தலை’ என்பதே வைட்டிலா ஆயிற்று என்பார்கள். இன்று அங்கே வயலைத் தேடினால் கிடைப்பது மேம்பாலமும் மெட்ரோவும்தான். 2011-இல் திறக்கப்பட்ட போக்குவரத்து மையத்திற்குப் பேருந்துகள் வருகின்றன. 2019-இல் மெட்ரோ ரயில் வந்தது. 2023 முதல் காக்கநாட்டுக்கு நீர் மெட்ரோ படகும் புறப்படுகிறது. இடப்பள்ளியிலிருந்து அரூர் செல்லும் புறவழிச் சாலை இச்சந்திப்பைத்தான் கடக்கிறது. அந்தச் சாலையில் வடக்கே சென்றால் அமிர்தா மருத்துவமனை, தெற்கே நெட்டூரில் லேக்‌ஷோர், இன்னும் வடக்கே களமசேரியில் அரசு மருத்துவக் கல்லூரி, நகரத்தின் உள்ளே எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி, கிழக்கே திருப்பூணித்துறையில் தாலுகா ஆஸ்பத்திரி. வாத்துருத்திக் குடியிருப்பிலிருந்தும், மட்டாஞ்சேரியிலிருந்தும், கட்டட வேலை நடக்கும் தகரக் கொட்டகைகளிலிருந்தும் சரீர சுகம் தேடிச் செல்லும் நம் மக்களில் பலர் வைட்டிலாவில்தான் வண்டி மாறுகிறார்கள். சுகமானபின் ஊருக்குப் புறப்படும் இடமும் பலருக்கு அதுவே.

நம்மவர்களில் பெரும்பாலோர் எப்போது மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பதை நாம் அறிவோம். கை கால் முடங்கினால்தான். ஒரு நாள் புறநோயாளி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. எனவே முப்பது, நாற்பது வயது வரை கையில் ஒரு முறையேனும் அந்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்திராதவர்கள் ஏராளம். ஏதோ ஒரு விபத்தோ காய்ச்சலோ அவர்களைக் கட்டிலில் கிடத்தும்போதுதான் முதன்முதலாகச் செவிலியர் அளந்து, “பிரஷர் உண்டல்லோ!” என்கிறார்.

இங்கே மொழியும் சற்று விளையாடும். மலையாளத்தில் மாத்திரைக்குக் ‘குளிக’ என்று பெயர். ‘கழிச்சோ’ என்றால் உண்டாயா என்று பொருள். “குளிக கழிச்சோ?” என்று செவிலியர் கேட்கும்போது, புதிதாக வந்த தமிழர், குளித்தாயிற்றா என்று கேட்பதாக எண்ணித் தலையை ஆட்டிவிடுவார். சிரிப்புக்குரியதுதான். ஆனால் உண்ணாத மாத்திரை உண்டதாகக் குறிக்கப்பட்டுவிடும். புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

வார்டில் மட்டும் ஏன் இவ்வளவு?

முதற்காரணம் எளிது. பக்கவாதம், மாரடைப்பு, இருதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கெடுதி ஆகியவை உயர் இரத்த அழுத்தம் பெற்றெடுக்கும் பிள்ளைகள். பிள்ளைகள் வார்டில் படுத்திருந்தால் தாயும் அங்கேதான் இருப்பாள். நீரிழிவுள்ளோரிடமும் முதியோரிடமும் இந்நோய் மிகுதி. மருத்துவமனையை நிரப்புவோரும் அவர்களே.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. வார்டில் ஏறும் எண்கள் எல்லாமே நிலையான நோயைக் குறிப்பவை அல்ல. முறிந்த எலும்பின் வலி அழுத்தத்தை ஏற்றும். நாளைக்கு அறுவைச் சிகிச்சை என்ற பயம் ஏற்றும். இரவெல்லாம் விளக்கெரியும் கூடத்தில் உறக்கமில்லாமை, அடக்கிவைத்த சிறுநீர், நரம்பில் இறங்கும் உப்புநீர், வலிநிவாரணிகள், ஸ்டீராய்டு ஊசிகள் எல்லாம் ஏற்றும். அறுவைக்கு முன் வெறும் வயிறாக இருக்கச் சொன்னதால் வழக்கமான மாத்திரையை விட்டுவிட்டவருக்கும் ஏறும். வெள்ளை அங்கியைக் கண்டதுமே ஏறுகிறவர்களும் உண்டு.

அளக்கும் விதமும் உண்டு. அமைதியாக ஐந்து நிமிடம் அமர்ந்து, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிந்து, கை இருதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க, பேசாமல் இருக்கும்போது எடுப்பதே சரியான அளவு. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காப்பியோ புகையோ கூடாது. மூட்டை தூக்கித் திரண்ட புயமுடையவருக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால், இல்லாத அழுத்தத்தைக் கருவி காட்டும். கால்மேல் கால் போட்டுக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரருடன் பேசியபடியே எடுத்த அளவை யார்தான் நம்புவது?

எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள்

கட்டிலருகே இருக்கும் உறவினருக்கு ஒரு வார்த்தை. குறிப்பேட்டில் 170/100 என்று எழுதியிருப்பதைக் கண்டதும், “சிஸ்டர், உடனே குறைக்க ஊசி போடுங்கள்” என்று நாம் வற்புறுத்துகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அந்த அன்பு தீங்காக முடியக்கூடும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனைகளில் 2017-இல் இருதய நோயல்லாத காரணங்களுக்காகச் சேர்க்கப்பட்ட 22,834 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் 78 விழுக்காட்டினருக்கு ஒரு முறையேனும் உயர்ந்த அளவு பதிவாகியிருந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு உடனே மருந்து கொடுக்கப்பட்டது. பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களுக்கே சிறுநீரகப் பாதிப்பும் இருதயத் தசைப் பாதிப்பும் சற்று அதிகமாகக் காணப்பட்டன. உயர்ந்த அழுத்தத்திற்குப் பழகிவிட்ட உறுப்புகளுக்குத் திடீரென்று இரத்த ஓட்டம் குறைந்தால் அவை தாங்குவதில்லை. ஒரு காலத்தில் நிஃபெடிபின் மாத்திரையைக் குத்தி நாவின் அடியில் விடும் வழக்கம் எங்கும் இருந்தது. அதனால் பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்தன என்று 1996-இலேயே மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 2024-இல் அமெரிக்க இருதய சங்கம் வெளியிட்ட அறிக்கையும், வேறு அறிகுறி இல்லாத உள்நோயாளிக்கு முதலில் வலியையும் பயத்தையும் கவனித்து, அமைதியாக மறுபடி அளந்து பார்க்கவே வழிகாட்டுகிறது.

ஆனால் 180/120-ஐத் தாண்டிய அழுத்தத்தோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்கமுடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசரநிலை. கர்ப்பிணித் தாய்மாருக்கு எல்லை இன்னும் கீழே: 140/90 ஆனாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும், 160/110 என்றால் அந்த நிமிடமே.

‘கொதிப்பு’ என்ற பெயர் செய்த தீங்கு

நம் பெரியவர்கள் இந்நோயை இரத்தக் கொதிப்பு என்றார்கள். அழகான சொல்தான், ஆனால் கோபக்காரருக்கு வரும் நோய் என்ற எண்ணத்தை அது மனதில் பதித்துவிட்டது. “நான் யார் மேலும் கோபப்படுகிறதில்லை, எனக்கு எப்படி வரும்?” என்று கேட்கும் சாந்தமான அம்மாமார் நம் சபைகளில் எத்தனை பேர்! தலைசுற்றலோ கழுத்துவலியோ இருந்தால்தான் பிரஷர் என்று நம்புகிறவர்களும் அப்படியே. அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாமல் பத்து வருடம் நாளங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அதை அறிய உணர்வு உதவாது. அளவு ஒன்றே உதவும். இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896-இல் கையில் சுற்றும் பட்டையை அமைத்தார். ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் அதனடியில் குழலை வைத்து ஒலியைக் கேட்கும் முறையைக் கண்டார்.

அளந்து தெரிந்தும் ஒன்றும் செய்ய இயலாத காலமும் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச் மாதத்தில் 186/108 என்று அளந்தார்கள். உலகப் போரையே நடத்திய அவருக்குக் கொடுக்க நல்ல மருந்து ஒன்று உலகத்தில் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் மரித்தபோது அழுத்தம் 300/190. நான்கே ஆண்டுகளில், 1949-இல், பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரின் பயனை ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. அன்று அவ்வளவு பெரிய ஜனாதிபதிக்குக் கிடைக்காத சிகிச்சை இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காருண்யா மருந்தகம், நீதி மெடிக்கல், மக்கள் மருந்தகம் போன்ற இடங்களிலும் அம்லோடிபின் மாத்திரையின் விலை ஒரு தேநீருக்கும் குறைவு.

வீடு திரும்பும் நாள்

கால் முறிந்தவருக்குக் கட்டுப்போட்டு அனுப்பும்போது எலும்பைப் பற்றி மருத்துவர் விரிவாகப் பேசுவார்; நோயாளியும் கவனமாகக் கேட்பார். “பிரஷர் கொஞ்சம் கூடுதல், பிறகு காட்டுங்கள்” என்ற ஒரு வரி ஆங்கிலத்தில் காகிதத்தின் அடியில் இருக்கும். அந்தக் காகிதம் எக்ஸ்ரே உறைக்குள் போகும். உறை பைக்குள் போகும். பை வைட்டிலாவில் பேருந்து ஏறும். தேனிக்கோ, திருநெல்வேலிக்கோ, சேலத்துக்கோ போய்ச் சேர்ந்தபின் எலும்பு கூடியதா என்று மட்டுமே எல்லாரும் பார்ப்பார்கள். அடுத்த முறை அந்த எண் தெரியவருவது, ஒருவேளை, வாய் கோணிய பிறகாக இருக்கும்.

ஆகவே டிஸ்சார்ஜ் நாளில் மூன்று கேள்விகளை விடாமல் கேளுங்கள். என் அளவு எவ்வளவு? இது வலியினால் ஏறியதா, நிலையான நோயா? மறுபடி எந்தத் தேதியில் அளக்க வேண்டும்? ஓரிரு வாரத்தில், வலி அடங்கியபின், வெவ்வேறு நாட்களில் அளந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய் என்றே கொள்ளவேண்டும். வீட்டில் கருவி வைத்து அளப்போருக்கு எல்லை 135/85.

இரண்டு மாநிலங்களுக்கு இடையே வாழ்கிறவர்களின் இடர் தனியானது. கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் இதற்கென்று கிளினிக் உண்டு. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் முதலில் நுழைந்த ஐந்து மாநிலங்களில் கேரளமும் ஒன்று. தமிழ்நாட்டிலோ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு விருதையும் அது பெற்றது. இரண்டும் நல்ல திட்டங்களே. ஆனால் ஊரில் பெயர் பதிந்தவர் கொச்சியில் இருக்கும்போது அவருடைய ஊர் வாசலுக்கு மாத்திரை வருகிறது. கொச்சியில் பதிந்தவர் கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊர் போய் இரண்டு மாதம் தங்கிவிடுகிறார். இடையில் அட்டை காலியாகிறது. “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். பயணத்திற்கு முன் இரண்டு மாத மாத்திரை கேட்டு வாங்குங்கள். மாத்திரையின் வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ‘அம்லோடிபின் 5 மி.கி.’, ‘டெல்மிசார்டான் 40 மி.கி.’ என்பது போல மருந்தின் உண்மைப் பெயரையும் அளவையும் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்திருங்கள். எந்த மருந்துக்கடைக்காரருக்கும் அது விளங்கும்.

கூலி வேலை செய்யும் சகோதரர்களுக்கு இன்னொன்று. உடல்வலிக்கென்று டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தினமும் விழுங்குவது அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். உப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாளுக்கு 5 கிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி நாம் உண்பது 8 கிராம். கஞ்சிக்கு ஊறுகாயும் கருவாடும் அப்பளமுமே துணை என்றால் 8 கிராம் ஒரு வேளையிலேயே நெருங்கிவிடும்.

ஜெபமும் மாத்திரையும்

பிரியமானவர்களே, நம் சபைகளில் பேசத் தயங்கும் ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெபத்திற்குப் பின் அளந்து பார்த்தால் 130/80 இருக்கிறது. சுகமாயிற்று என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை உண்ணும்போது வரும் நல்ல அளவு, மாத்திரை வேலை செய்கிறது என்பதையே காட்டும். குளோனிடின், பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் இருதயத் துடிப்பும் எகிறி ஆபத்தாகும். மாத்திரை இனி வேண்டாம் என்று நம்புகிறவர் அதை மருத்துவரிடமே சொல்லலாம். அவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வாரந்தோறும் அளந்து பார்ப்பார். உண்மையான சுகம் அந்தச் சோதனைக்கு அஞ்சாது. நற்செய்தி எழுதிய லூக்கா ஒரு வைத்தியர் என்பதை நாம் மறந்துபோகிறோம்.

உபவாச நாட்களிலும் மாத்திரையைத் தண்ணீரோடு உண்ணலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்களும் நீரிழிவுள்ளவர்களும் கேளாமல் உபவாசம் தொடங்க வேண்டாம். காலில் வீக்கம் (அம்லோடிபினால் சிலருக்கு வரும்), வறட்டு இருமல் (எனலாபிரிலால் வரும்) போன்ற தொந்தரவு இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் பல உண்டு.

சபையில் செவிலியராகப் பணிபுரியும் சகோதரிகள் இருந்தால், மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் இரண்டு நாற்காலியும் ஒரு கருவியும் போட்டு அமரலாம். வாரநாளில் புறநோயாளி வரிசைக்குப் போக முடியாதவர்கள் எல்லாரும் அன்று அங்கேதான் இருப்பார்கள். எழுதிக்கொடுக்கும் துண்டுச்சீட்டில் தேதியும் இரண்டு எண்களும் இருந்தால் போதும், அடுத்த முறை மருத்துவமனையில் சேரும்போது, “முன்பு எவ்வளவு இருந்தது?” என்ற மருத்துவரின் கேள்விக்கு அதுவே பதில்.

இன்றிரவு ஊருக்குப் புறப்படுகிறவர் மாத்திரை அட்டையைப் பேருந்தின் அடிப்பெட்டியில் போடும் பெரிய பையில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். வண்டி வாளையாறு தாண்டி எங்கேனும் தாமதித்தால், பை கைக்கு வருமுன்னே காலை மாத்திரைக்கு நேரமாகிவிடும்.